தண்ணி டாக்டரின் மேற்கோள்கள்

என் கணவர் இறந்த பிறகும் அவருடைய மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலை கணினியைத் திறந்தபோது, எகிப்தில் யாரோ எழுதிய கட்டுரையில் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. படித்தேன். அடுத்ததாக, மின்விசிறிகளைப் பழுது பார்க்க ஆள் வருவதாக ஒரு சுற்றறிக்கை. அதையும் படித்தேன். இரண்டையும் ஒரே மாதிரிதான் படித்தேன்.

நான் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகர். நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று உறவினர்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் கேட்டு இப்போது அதிகம் பேர் வருவதில்லை. பேராசிரியர்கள்தான் வருகிறார்கள், தங்கள் எண் என்ன என்று கேட்டுக்கொண்டு. ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதிலிருந்து எச்-இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையாவது குறிப்பிடப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். சொன்னதும் சிலர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள், ரத்தப் பரிசோதனை முடிவை நம்பாதவர்களைப் போல.

என் கணவர் அதே பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையில் இருந்தார். நிலத்தடி நீர்தான் அவருடைய ஆராய்ச்சி. சேலம், நாமக்கல் பக்கம் பூமிக்கடியில் எல்லாம் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில் எங்கே தண்ணீர் நிற்கிறது, அதில் என்னென்ன உப்பு இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கீழே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, வாழப்பாடியிலிருந்து மோகனூர் வரை கிணறு கிணறாகப் போய் டேப்பை விட்டு அளந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவார். துறையில் இருந்த ஃப்ரிட்ஜ் அடிக்கடி கெட்டுப்போகும். அப்போதெல்லாம் பாட்டில்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தோசை மாவு வைக்க இடம் இருக்காது.

அவர் போனது திடீரென்றுதான். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், "நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வாசலில் வைத்தே பார்த்துவிட்டு, மருத்துவர் என்னிடம் அவருடைய வயதைக் கேட்டார். சொன்னேன். சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் அழவில்லை என்பதை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கவனித்தார்கள். நானும் கவனித்தேன். "அடக்கி வெக்காத, அழுதுடு" என்று என் அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடக்குவதற்கு உள்ளே எதுவும் இருந்த மாதிரி இல்லை. காலில் ஊசி போட்டு மரத்துவிட்டால், கால் இருப்பது கண்ணுக்குத் தெரியும், நம்முடையது என்று தோன்றாது. அப்படித்தான் இருந்தது.

நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். நிலவியல் துறைத் தலைவர் நூலகத்துக்கு வந்தார். வழக்கமாக என் அறை வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர், அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு மாநில அளவுல ஒரு விருது இருக்கு மேடம். இறந்தவங்களுக்கும் தரலாம்னு விதியில இருக்கு. சார் பேரை அனுப்பலாம்னு துறையில எல்லாரும் நெனைக்கிறோம். அதுக்கு இம்பாக்ட் ரிப்போர்ட் ஒண்ணு வேணும், சாரோட எண், ஆராய்ச்சியால வந்த பயன் எல்லாம் காட்டற அறிக்கை."

"செஞ்சு தர்றேன் சார்."

"உங்களையே செய்யச் சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. வேற யாராவது..."

"வேற யாருக்கும் அந்த சாஃப்ட்வேர் தெரியாது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசித் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றே தொடங்கினேன்.

அவருடைய கட்டுரைகளைத் திரட்டுவதில் ஒரு பழைய தொல்லை இருந்தது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். வெளிநாட்டு இதழ்களுக்கு இது புரிவதில்லை. ஒன்றில் எழுத்து முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் போயிருக்கும். இன்னொன்றில் அவருடைய அப்பா பெயரை முழுதாக விரித்துப்போட்டு, என் மாமனாரே கட்டுரை எழுதினதுபோல் வைத்திருந்தார்கள். அதனால் தரவுத்தளத்தில் என் கணவர் தனித்தனி ஆட்களாக இருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன எண். இவர்களை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், உங்கள் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று அவரிடம் பல வருஷமாகக் கேட்டிருக்கிறேன். "பாத்துக்கலாம் விடு" என்பார். இப்போது இறப்புச் சான்றிதழை இணைத்து நானே விண்ணப்பித்தேன். சில நாட்களில் பதில் வந்தது. இந்த ஆசிரியர்கள் அனைவரும் ஒருவரே என ஏற்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள்.

ஒன்றாகச் சேர்த்ததும் உள்ளே வேறு ஓர் ஆள் கலந்திருப்பது தெரிந்தது. நாமக்கல்லில் ஒரு கால்நடை விஞ்ஞானி. அதே பெயர், அதே முதல் எழுத்து. குலசாமியின் பெயர் என்பதால் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவருக்காவது அந்தப் பெயர் இருக்கும். அவருடைய கட்டுரைகள் கோழிகளைப் பற்றியவை. பிரிப்பது சுலபம். கோழி வந்தால் அந்தப் பக்கம், பாறை வந்தால் இந்தப் பக்கம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரே ஒரு கட்டுரையில் கை நின்றது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் உப்பும் முட்டை ஓட்டின் தரமும் என்பது தலைப்பு. பாதி கோழி, பாதி தண்ணீர். எழுதியவர்களில் அந்தப் பெயர் ஒரே ஒரு முறை இருந்தது, கூடவே ஒரு மாணவரின் பெயர். முகவரியாக அந்த மாணவரின் நாமக்கல் முகவரி மட்டும். பட்டியலில் இருந்த எல்லாக் கட்டுரைகளையும்விட அதிக மேற்கோள் அதற்குத்தான். பிரேசிலிலும் துருக்கியிலும் அதைப் படித்திருந்தார்கள்.

என் கணவர் தன் சுயவிவரத்தில் அதைச் சேர்த்திருக்கவில்லை. ஆனால் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடை முழுவதும் அவர் கோழி எச்ச வாடையோடு வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவு இருந்தது. வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போவார். நாமக்கல்லில் தன் பெயரிலேயே ஒருத்தர் இருப்பதாக அப்போது ஏதோ சொன்னார். நான் சமையலில் இருந்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன்.

"அப்பா வேலைதானேம்மா அது? போட்டுடு" என்றாள்.

"தெரியாம எப்படிப் போடுறது?"

"அப்ப அந்த நாமக்கல்காரர்கிட்டயே கேளு."

கால்நடை விஞ்ஞானியின் எண் கிடைத்தது. கூப்பிட்டு, நான் இன்னார் மனைவி என்று சொல்ல வாயெடுத்தால், அவர் பெயரையே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"நானே உங்களுக்குப் போன் பண்ணோணும்னு இருந்தேனுங்க. எப்படிப் பேசறதுன்னு தெரியாம உட்டுட்டேன்" என்றார். பிறகு, "என்னைய எங்க குரூப்புல செத்துப் போயிட்டேன்னு போட்டுட்டாங்க தெரியுமுங்களா? பேரைப் பாத்துட்டு ஆளாளுக்கு அஞ்சலி போட்டாங்க. உசுரோடதான் இருக்கேன்னு நானே எழுத வேண்டியதாப் போச்சுங்க."

நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன்.

"அது போன்ல சொல்லி முடியாதுங்க. ஊட்டுக்கு வாங்க. ஊட்ல அவங்களும் வரச் சொல்றாங்க."

அடுத்த விடுமுறை நாளில் சேலத்திலிருந்து நாமக்கல் பஸ் ஏறினேன். அவர் போனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. பஸ்ஸிலும் கண்ணை மூடாமல் ராசிபுரம் தாண்டும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேட்டுக்காட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி நின்று போர் போட்டுக்கொண்டிருந்தது, வெள்ளைப் புழுதி மேலே எழும்பி எதிர் வயல் வரைக்கும் படிந்திருந்தது. அவர் இருந்திருந்தால் இன்ன பாறை என்று புழுதியின் நிறத்தை வைத்துச் சொல்லியிருப்பார். எனக்கு அது வெறும் புழுதி.

நாமக்கல்லில் மோகனூர் சாலையில் அவர்கள் வீடு. கால்நடை விஞ்ஞானி என் கணவரைவிடக் குள்ளம், தலை முழுக்க நரைத்தவர், ஓய்வு பெற்றிருந்தார். முகத்தில் எந்த ஜாடையும் இல்லை. அதை நான் ஏன் தேடினேன் என்று தெரியவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, "வெயில்ல வந்திருக்கீங்கக்கா, மொதல்ல மோரு குடிங்க" என்றார்.

கால்நடை விஞ்ஞானி சொன்னது இதுதான். அந்தக் கோடையில் அவருடைய மைத்துனரின் பண்ணையிலும் சுற்றியிருந்த பண்ணைகளிலும் முட்டை ஓடு மெலிந்து, எடுக்கும்போதே உடைந்தது. தீவனத்தை மாற்றிப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீராக இருக்குமோ என்று இவருக்குச் சந்தேகம் வந்து, தண்ணீர் தெரிந்த ஆளை விசாரித்தபோது, தன் பெயரிலேயே ஒருவர் சேலத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பண்ணை பண்ணையாகப் போனார்கள். கோழியை இவர் பார்த்தார், தண்ணீரை அவர் பார்த்தார். கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதி அனுப்பினார்கள்.

"ரெண்டு பேரு பேரையும் போட்டுத்தானுங்க அனுப்புனோம். அச்சுல வந்து பாத்தா ஒரு பேருதான் இருக்குது. ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருக்குதுன்னு, தப்புன்னு நெனச்சு ஒண்ணைய எடுத்துட்டாங்க."

"நீங்க எழுதிக் கேக்கலையா சார்?"

"கேட்டமுங்க. ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு ஆதாரம் அனுப்பச் சொன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுட்டு உட்டுட்டோம்."

"அப்ப அதுல இருக்கிறது யார் பேரு?"

"அதுதானுங்க தெரியாது."

அவர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கால்நடை விஞ்ஞானிதான் சொன்னார். "என்னோட புரொமோஷனுக்கு அதைய நான் காட்டிட்டேனுங்க. அவருகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன். 'நீங்க வெச்சுக்குங்க, எனக்கு வேற இருக்குது'ன்னாரு. அதுக்கப்பறம் அவரு எங்கயுமே காட்டல. இப்ப நான் ரிட்டயர்டு ஆயாச்சு. எனக்கு இனி எதுக்குங்க? அது அவரோடதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்க சேத்துக்குங்க."

நான் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. கூரியர்காரன் வெளியில் நின்றபடியே, முதல் எழுத்தோடு சேர்த்து என் கணவரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான்.

"வாரேன், வாரேன்" என்று அவர் எழுந்து போனார்.

என் வீட்டில் என் கணவர் போன நாளிலிருந்து யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் என்றார்கள், சார் என்றார்கள், அப்பா என்றாள் மகள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாடி என்றார்கள். இப்போது ஒருவன் தெருவில் நின்று கூப்பிடுகிறான், உள்ளிருந்து ஓர் ஆம்பளைக் குரல் வாரேன் என்கிறது. மோகனூர்க்காரரான என் கணவரும் வாரேன் என்றுதான் சொல்வார். மோர் டம்ளரைப் பிடித்தபடி, எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். காது மட்டும் கொஞ்சம் சூடானது. கேட்டில் அவர் கையெழுத்துப் போடுவது தெரிந்தது. அவருடைய மனைவி என்ன நினைத்தாரோ, எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அந்த மைத்துனரின் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். அறிக்கையின் இரண்டாம் பகுதியில் சமூகத்துக்கு என்ன பயன் விளைந்தது என்று எழுத வேண்டியிருந்ததால் நானும் போனேன். நீளமான கொட்டகைகள், உள்ளே கூண்டு கூண்டாகக் கோழிகள். வாடை அடித்தது. அந்த வாடை எனக்குப் பழக்கமாக இருந்தது. வீட்டு வாசலில், அவர் சட்டையில்.

பண்ணைக்காரர் பனியனோடு இருந்தவர், என்னைப் பார்த்ததும் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பேருங்களா, எங்களுக்குக் கொழப்பம். மச்சான கோழி டாக்டர்னும் உங்க ஊட்டுக்காரர தண்ணி டாக்டர்னும் சொல்லிக்குவோம்" என்றார்.

"அவர் சொன்னதால இங்க என்ன மாறிச்சுங்க?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே அலுவலகக் குரலாகக் கேட்டது.

"புதுக் குஞ்சு எறக்கறதுக்கு முன்னாடி தண்ணியப் பரிசோதனைக்கு அனுப்பிப் போடறோமுங்க. முந்தி அந்தப் பழக்கம் இல்ல. போர்த் தண்ணி உப்பா இருந்தா கெணத்துத் தண்ணியக் கலந்து உடச் சொன்னாரு, அதையும் செய்யறோம். இந்தப் பக்கம் பூராவும் இப்ப அப்படித்தானுங்க." பிறகு கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார். "அங்க இன்னொரு போர் போடலாம்னு கேட்டப்ப வேண்டாம்னுட்டாரு. கீழ ஒண்ணுமில்ல, இருக்கறதும் போயிரும்னாரு. ரிக்குக்காரங்க வரும்னு சொன்னாங்க, நாங்க போட்டோம்."

"வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. பழைய போர்லயும் கொறஞ்சு போச்சு. இப்ப கோடைல லாரித் தண்ணிதான்."

சிமெண்ட் மூடி போட்ட அந்தக் குழாயைப் பார்த்தேன். மூடியின் மேல் யாரோ சாக்கைக் காயப்போட்டிருந்தார்கள்.

திரும்பும்போது கால்நடை விஞ்ஞானி என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். கடிதத்தை எழுதி அஞ்சலில் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் சார் என்றேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கணவர் உயிரோடு இருந்தபோது கொடுத்ததைத் திரும்ப வாங்கி அவர் பேரிலேயே வைக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அந்தக் கட்டுரையைக் கால்நடை விஞ்ஞானியின் பக்கத்தில் தள்ளினேன். என் கணவரின் எண் ஒன்று குறைந்தது. அறிக்கையில் பண்ணைகள் தண்ணீரைப் பரிசோதிப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். வறண்டுபோன போரைப் பற்றி எழுத இடமில்லை. கேட்காமல் விட்ட அறிவுரைக்கு அந்தப் படிவத்தில் தலைப்பு எதுவும் கிடையாது. துறைத் தலைவர் படித்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார். முனைவர் பட்டம் முடித்த மாணவர்களின் எண்ணிக்கையில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று திருத்தினார். சரியாகத்தான் திருத்தினார்.

மகளுக்குக் கோபம். "அப்பாவோட பெரிய வேலையையே எடுத்துட்டியேம்மா" என்றாள். அப்புறம் போனிலேயே அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்தேன்.

விருது வேறு ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது. துறைத் தலைவர் என்னைப் பார்க்க வந்து, ஏதோ தான் செய்த தவறு மாதிரி, "அவருக்கு எண் ரொம்ப அதிகம் மேடம், கமிட்டியில அதைத்தான் பாத்தாங்களாம்" என்றார். பரவாயில்லை சார் என்றேன். விருது பெற்றவரின் பக்கத்தை அன்று மாலை எடுத்துப் பார்த்தேன். நல்ல கட்டுரைகள். ஒன்றில் என் கணவரை மேற்கோள் காட்டியிருந்தார்.

நாமக்கல்லுக்கும் போன் செய்து சொன்னேன்.

"அந்தப் பேப்பரைச் சேத்தியிருந்தா கெடச்சிருக்குமுங்களா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலைங்க சார்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. போனை மனைவியிடம் கொடுத்தார். "எப்பக்கா வாரீங்க?" என்று அவர் கேட்டார். பேச்சுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சித்திரையில் வருகிறேன் என்றேன். சித்திரை பிறந்ததும் மறுபடி கூப்பிட்டுவிட்டார்.

போனேன். அந்தத் தடவை பண்ணைக்குப் போகவில்லை. மூன்று பேரும் மோகனூர் வரை போய் ஆற்றைப் பார்த்தோம். காவிரியில் மணல்தான் அதிகம், ஒரு ஓரமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, கணுக்கால் நனைய நின்று, என்னையும் கூப்பிட்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவர்கள் மருமகள் மாசமாக இருப்பதைப் பற்றியும் கரும்பு விலை பற்றியும் பேசினோம். என் கணவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு பையில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தார்கள்.

நாமக்கல்லில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எதுவும் நினைவில்லை. யாரோ தோளைத் தொட்டார்கள். கண் திறந்தால் பஸ்ஸில் ஒருவரும் இல்லை, கண்டக்டர் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எறங்குங்கம்மா. சேலம் வந்து நேரமாச்சு" என்றார்.